தையல் மெஷின் இல்லாமல், வாயைத் திறந்து பேசும் கைப்பாவையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். உங்கள் மகளுக்கு 5 வயது என்றும், கடையில் வாங்கிய பொம்மையைக் கையில் மாட்டினால் வாய் திறக்கவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். துணியும் ஸ்பாஞ்சும் வாங்கி வைத்துவிட்டேன், முகத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தில் ஆரம்பிக்காதீர்கள், அதுதான் என் பதில்.

நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2022-இல் சின்ன வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வகுப்பில் பொம்மையை வைத்துப் பேசும் வேலை அதிகமானது. காகிதப் பையில் கண், மூக்கு வரைந்து தொடங்கினேன். இதுவரை 7 பொம்மை செய்திருக்கிறேன். அதில் உருப்படியானவை 3. மற்ற நான்கையும் கெடுத்ததில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது.

கடைப் பொம்மையின் வாய் ஏன் திறக்கவில்லை? தலைக்குள் பஞ்சைத் திணித்து, வாயைச் சும்மா ஒரு மடிப்பாக விட்டிருப்பார்கள். உள்ளே விறைப்பாக எதுவும் இருக்காது. விரல் அசையும், துணி நசுங்கும், வாய் அசையாது. நம் பக்கத்துப் பழைய கைப்பாவைகளிலும் வாய் திறக்காது. கேரளத்தின் பாவக்கதகளியில் ஆள்காட்டி விரல் தலைக்குள் போகும், கட்டைவிரலும் நடுவிரலும் கைகளுக்குள் போகும். தலை மரம் என்பதால் முகம் அப்படியே இருக்கும், ஆட்டம்தான் பேசும். உங்கள் மகள் கேட்பது வேறு வகை. அதற்கு முதலில் வாய்க்குள் ஓர் அட்டை வேண்டும். பொம்மையே அந்த அட்டையைச் சுற்றித்தான் வளரும்.

கையை வாத்தின் அலகு போலப் பிடியுங்கள். நான்கு விரலும் மேலே, கட்டைவிரல் கீழே. நான்கு விரல்களின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் 2 செ.மீ. கூட்டுங்கள். எனக்கு 12 செ.மீ. வந்தது. மேல்தாடை 9 செ.மீ. நீளம், கீழ்த்தாடை 7 செ.மீ. போதும், ஏனென்றால் கட்டைவிரல் குட்டை. இரண்டையும் முன்பக்கம் வளைவாக, நாக்கு வடிவத்தில் வெட்ட வேண்டும். அட்டைக்கு வெளியே அலைய வேண்டாம், பழைய தினசரி காலண்டர் அட்டை அருமையான சரக்கு. முருகன் படத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டார். சரி என்று படத்துக்குக் கீழே ஜவுளிக்கடை விளம்பரம் இருந்த பாதியில் வெட்டினேன், இரண்டு தாடைக்கும் இடம் போதுமானதாக இருந்தது. கை வியர்வை பட்டால் அட்டை ஊறிப்போகும், அதனால் செல்லோடேப்பை முழுக்கச் சுற்றிவிடுங்கள்.

இரண்டு அட்டைகளையும் சேர்ப்பதில்தான் என் இரண்டாவது பொம்மை கெட்டது. நடுவே இடைவெளியே விடாமல் ஒட்டிவிட்டேன். வாய் முழுதாக மூடாமல், எப்போதும் கொட்டாவி விடுவதுபோல நின்றது. சிவப்பு ரெக்சின் துண்டு ஒன்றில் இரண்டு தாடைகளையும் 4 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள், கதவுக் கீல் போல மடியும். ரெக்சினே வாயின் உள்பக்கமும் ஆகிவிடும். அட்டையின் மறுபக்கத்தில் நான்கு விரல் நுழைய ஓர் எலாஸ்டிக் பட்டை, கட்டைவிரலுக்கு ஒன்று. பட்டை தளர்வாக இருந்தால் வாயைத் திறக்கும்போது விரல் நழுவும். இந்த நிலையிலேயே கையில் மாட்டி ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். கை வலித்தால் இப்போதே அளவை மாற்றுங்கள், தலை வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஸ்பாஞ்சு. நீங்கள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு வாங்கியிருந்தால் அதைச் சமையலறைக்கே கொடுத்துவிடுங்கள். மெத்தைக் கடையிலோ சோஃபா பழுது பார்ப்பவரிடமோ அரை இஞ்ச் ஃபோமில் வெட்டிப்போட்ட துண்டுகள் இருக்கும். எனக்கு இரண்டு முறை சும்மாவே கொடுத்தார்கள். கசக்கிவிட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஃபோம் நசுங்கி விளிம்பு சரிந்துவிடும். புது பிளேடு போட்ட கட்டரை ஒரே இழுப்பாக இழுங்கள்.

மேல்தாடையின் வளைந்த விளிம்பை ஒரு நூலால் அளந்து, அதோடு 16 செ.மீ. கூட்டினால் தலையின் சுற்றளவு. கூட்டிய 16 செ.மீ. பின்பக்கம் கை நுழையும் வழி. எனக்கு மொத்தம் 42 வந்தது. 42 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரமுள்ள ஃபோம் பட்டையில் கீழே 4 செ.மீ. விட்டுவிட்டு, மேலே நான்கு இதழ்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு இதழும் அடியில் பத்தரை செ.மீ. அகலம், மேலே போகப் போகக் கூர்மை. பட்டையை வளையமாக்கி, பக்கத்து பக்கத்து இதழ்களின் விளிம்புகளை ஒட்டினால் கிண்ணம் கவிழ்த்ததுபோலத் தலை வரும். ஒரே ஒரு விஷயம்: இதழின் பக்கங்கள் வெளிப்புறம் லேசாக வளைந்திருக்க வேண்டும். என் முதல் பொம்மைக்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக வெட்டினேன். தலை உருண்டையாக வராமல் உச்சி கூம்பி, அப்படியே மோதகம். பிள்ளைகளும் அதற்கு மோதகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் வகுப்பில் செல்லப்பிள்ளை, அது வேறு கதை.

பசையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வெள்ளைப் பசை ஃபோமுக்குள் இறங்கிவிடும், காய நாளாகும், காய்ந்த பிறகு அந்த இடம் கட்டியாகும். உடனே ஒட்டும் சின்ன டியூப் பசை இன்னும் மோசம், தையலே ஏறாத அளவுக்குக் கல்லாகிவிடும். செருப்புக் கடையில் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசைதான் இதற்குச் சரி. இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் பொறுத்து, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தில் சேர்த்தால் வழுக்கும். சரியான பதத்தில் சேர்த்தால் பிரிக்கவே முடியாது, அதனால் கோணலாக வைத்துவிட்டுப் பிறகு சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அடுப்பு எரியும் இடத்தில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அந்த வேலை நடக்கும்போது குழந்தை பக்கத்தில் இல்லாமல் இருப்பது நல்லது.

தலை காய்ந்ததும் அதன் முன்விளிம்பை மேல்தாடையின் வளைவோடு ஒட்டுங்கள். கீழ்த்தாடையின் வளைவுக்கு 4 செ.மீ. உயரத்தில் ஒரு ஃபோம் பட்டை. கன்னம், மோவாய் உப்பலாக வேண்டும் என்றால் துண்டு ஃபோமை ஒட்டி, சின்னக் கத்தரிக்கோலால் கொறித்துக் கொறித்து உருட்டலாம்.

துணி விஷயத்தில் நான் இருக்கும் ஊர் எனக்கு வசதி. காதர்பேட்டைப் பக்கம் போனால் பனியன் துணியில் கட் பீஸ் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் பழைய ஸ்வெட்ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்புங்கள். உள்ளே இருக்கும் அந்தப் பஞ்சு போன்ற பரப்புதான் நமக்கு வேண்டியது. குழந்தைகளுக்குப் போர்த்தும் மெல்லிய ஃபிளீஸ் போர்வையும் நல்லது. துணிக்கு இரண்டு குணம் வேண்டும், இழுத்தால் நீள வேண்டும், மேலே லேசாக ரோமம் இருக்க வேண்டும். இழுபடாத ரவிக்கைத் துணி வாயோரம் சுருங்கும். வெல்வெட் பார்க்க அழகு, ஆனால் தையல் கோடு முகத்தில் வெட்டுக்காயம் மாதிரித் தெரியும்.

உங்களிடம் மெஷின் இல்லாதது இங்கே குறையே இல்லை. பெரிய பொம்மைக் கலைஞர்களும் முகத்தைக் கையால்தான் தைக்கிறார்கள். அமெரிக்காவின் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சன் 1955-இல் செய்த கெர்மிட் என்ற கைப்பாவையின் முதல் வடிவம், அவர் அம்மாவின் பழைய கோட்டுத் துணி. கண் இரண்டும் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டியது. பின்னாளில் அவர் பட்டறையின் கைத்தையலுக்கு ஹென்சன் தையல் என்றே பெயர் வந்துவிட்டது. ஷூவுக்கு லேஸ் கோக்கிற மாதிரிதான் அதுவும். இரண்டு விளிம்பையும் பக்கத்தில் வைத்து, ஊசியை ஒரு விளிம்பின் அடியிலிருந்து மேலே எடுங்கள். அடுத்து எதிர் விளிம்பின் அடியிலிருந்து மேலே. இப்படி மாறி மாறி, 3 மி.மீ.க்கு ஒன்று. நான்கைந்து தையலுக்கு ஒருமுறை நூலை இறுக்கி இழுத்தால் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நைலான் நூல் போடுங்கள், சாதா நூல் இந்த இழுப்புக்கு அறுந்துவிடும். முடித்த பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் தையலின் மேல் தேய்த்தால் ரோமம் எழுந்து கோட்டை மூடிவிடும். முதல்முறை பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

துணியை அந்த நான்கு இதழ் அளவிலேயே, ஓரத்துக்கு அரை செ.மீ. மட்டும் விட்டு வெட்டித் தைத்து, தலையணை உறை போலத் தலையில் மாட்டுங்கள். வாய் விளிம்பில் உள்ளே மடித்து ஒட்டுங்கள். ஒட்டும்போது வாயை முழுக்கத் திறந்து வையுங்கள். மூடிய நிலையில் ஒட்டினால் பிறகு திறக்கும்போது துணி பிடித்து இழுக்கும். கழுத்துக்குக் கீழே முழங்கை வரை ஒரு உறை வேண்டும், பழைய லெகின்ஸின் ஒரு கால் அளவெடுத்த மாதிரி பொருந்தும். கைகள் வேண்டுமானால் பஞ்சு அடைத்துத் தைத்து, ஓட்டைக் குடையின் கம்பியை மணிக்கட்டில் கட்டி அசைக்கலாம். 5 வயதுக் குழந்தை வைத்து ஆடப்போகிறாள் என்றால் கம்பி வேண்டாம்.

கண்ணைக் கடைசியாக வையுங்கள், அவசரப்படாமல். மூன்றாவது பொம்மைக்கு விழிகளை நேராக நடுவில் ஒட்டி, பெருமையாக வகுப்புக்குக் கொண்டுபோனேன். முன்வரிசையில் ஒரு பையன், "மிஸ், அது நம்மளப் பாக்கல, வேற யாரையோ பாக்குது" என்றான். அவன் சொன்னது சரி. இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தால்தான் பொம்மை எதிரே இருப்பவரைப் பார்ப்பதாகத் தோன்றும். ரொம்பத் தள்ளினால் ஒன்றரைக் கண். வெள்ளைக்கு டேபிள் டென்னிஸ் பந்தின் பாதியோ பிளாஸ்டிக் ஸ்பூனின் குழியோ போதும். கருவிழிக்கு முதலில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள். இஷ்டப்படி எடுத்து நகர்த்தலாம். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள், வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இடம் பிடிபட்ட பிறகு கறுப்பு ரெக்சினில் வட்டம் வெட்டி ஒட்டுங்கள். பொட்டையே விட்டுவைத்தால் இரண்டு நாளில் ஒரு கண் உதிரும், வகுப்பில் அழுகை கேட்கும்.

பேச வைப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன், இது எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது. புதிதாகச் செய்பவர்கள் நான்கு விரலையும் மேலே தூக்கி வாயைத் திறப்பார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தலை பின்னால் சாயும். மேலே இருக்கும் நான்கு விரலையும் அசைக்காமல் கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும், நம் தாடை அப்படித்தானே இறங்குகிறது. எப்போது திறப்பது? தமிழில் குறில், நெடில் தெரிந்தால் போதும். குறிலுக்குக் கொஞ்சம், நெடிலுக்கு நன்றாக, மெய்யெழுத்துக்குத் திறக்கவே கூடாது. "வணக்கம்" என்றால் மூன்று சின்னத் திறப்பு, கடைசி ம்-முக்கு வாய் மூட வேண்டும். "பாட்டு" என்றால் பா-வுக்குப் பெரிதாக, டு-வுக்குத் திறந்தும் திறக்காமலும். கண்ணாடி முன் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் பழகினால் கை தானாகச் செய்யும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே வளையுங்கள், இல்லாவிட்டால் பொம்மை விட்டத்தைப் பார்த்துப் பேசும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கினால் வேலை முடியும். தலையைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். இஸ்திரிப் பெட்டி, விளக்கு பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும். வெயிலிலும் போடாதீர்கள், மஞ்சளாகிப் பொடியாக உதிரும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில வருடங்களில் ஃபோம் உதிரத்தான் செய்யும், அப்போது தோலைக் கழற்றிப் புதுத் தலைக்கு மாட்டிக்கொள்ளலாம்.

வைக்கும்போது படுக்கப் போட்டால் முகம் ஒரு பக்கம் அமுங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மாட்டி நிற்க வையுங்கள். என்னுடையது அலமாரி மேல் அப்படித்தான் நிற்கிறது. தினமும் காலையில் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பி இருக்கும். மாமியாரிடம் கேட்டேன். "ராத்திரியெல்லாம் என்னையே பாத்துட்டு இருக்குது கண்ணு" என்றார்.