வேலை எங்கே இருக்கிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் 2023இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். படித்து முடித்ததிலிருந்து நௌக்ரி, லிங்க்டுஇன் என்று எல்லா ஆப்பிலும் தினமும் விண்ணப்பிக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கூடப் போடுவேன். க்யூசி (தரப் பரிசோதனை), சேல்ஸ், பிபிஓ எதையும் விடுவதில்லை. ஆனால் ஃபோன் வருவதே அபூர்வம். இப்போதைக்கு மாமாவின் மோட்டார் பம்ப் கடையில் கணக்கு எழுதுகிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லி வை என்கிறார் அப்பா. சிபாரிசில் வேலை வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இப்போது ஒரு கன்சல்டன்சியில் விமான நிலைய வேலை இருக்கிறது, 40,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன் என்று சொல்வீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்த 40,000 ரூபாய். கட்டாதீர்கள். உண்மையிலேயே ஆள் தேவைப்படும் நிறுவனம் வேலைக்கு வருபவரிடம் காசு கேட்காது. கன்சல்டன்சிக்கான கூலியையும் நிறுவனம்தான் கொடுக்கும். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், டிரெய்னிங் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான். ஆன்லைனில் ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை மறித்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

சரி, தேடலுக்கு வருவோம். உங்கள் படிப்புக்கு வேலை இருப்பது பெரிய கார் கம்பெனிகளில் மட்டும் இல்லை. அவற்றுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய, நடுத்தர யூனிட்கள் அம்பத்தூர், ஒரகடம், ஓசூர், கோவை கணபதி, திருச்சி துவாக்குடி என்று எங்கும் இருக்கின்றன. அப்படிப்பட்ட யூனிட்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் என் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிடுகிறார். "உங்க ஊர்ப் பையன், காலேஜ் ஜூனியர் யாராவது இருந்தா வரச் சொல்லுங்கப்பா" என்று சூப்பர்வைசர் உற்பத்தி லைனில் வேலை செய்பவர்களிடம் சொல்கிறார். ஒரு வாரத்தில் ஆள் வந்துவிட்டால் அப்படி ஓர் இடம் காலியானதே வெளியே தெரியாது. வராவிட்டால் கன்சல்டன்சிக்குச் சொல்வார்கள். அதுவும் சரிப்படாதபோதுதான் ஆப்பில் விளம்பரம். நீங்கள் தினமும் உட்கார்ந்திருப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். அங்கே கூட்டம் அதிகம். ஹெச்.ஆர். எல்லா ரெஸ்யூமையும் திறந்து பார்ப்பதும் இல்லை.

சிபாரிசு பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனதை மதிக்கிறேன். தகுதியில்லாத ஒருவரை உள்ளே தள்ளித் தகுதியுள்ளவரை வெளியே நிறுத்துவது அநியாயம்தான். ஆனால் "உங்க கம்பெனியில என்ன மெஷின் ஓடுது, ஃப்ரெஷருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், ஆள் எடுக்கும்போது எனக்கும் ஒரு வார்த்தை சொல்வீங்களா" என்று கேட்பதில் என்ன அநியாயம்? இன்டர்வியூவில் பதில் சொல்லப்போவது நீங்கள்தானே.

ஒன்றை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவோ சித்தப்பாவோ சொந்த ஜாதிக்காரரோ ஏற்கெனவே ஆலைகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தகவலெல்லாம் கேட்காமலே வீடு தேடி வந்துவிடுகிறது. முதல் பட்டதாரிக்கு அப்படி வருவதில்லை. அவர் கூச்சப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே தொடரும். உங்களைப் போன்றவர்கள்தான் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? நெருங்கிய நண்பர்களிடம் கேட்டுப் பெரிய பயன் இருக்காது. உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். பெரும்பாலும் அவர்களும் உங்களோடு சேர்ந்து வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதைப் பற்றியது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் சுமார் 56 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் சுமார் 28 சதவீதம். லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவு 2022இல் வெளியானது. வேலை மாறுவதற்கு நெருங்கிப் பழகுபவர்களைவிட ஓரளவு பழக்கமுள்ளவர்களே அதிகம் உதவியிருக்கிறார்கள் என்று அதிலும் தெரிந்தது.

உங்கள் விஷயத்தில் இந்த ஓரளவு பழக்கக்காரர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வருடம் முந்தைய பேட்ச் சீனியர்கள். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். ஐடிஐ முடித்து ஓசூருக்கோ கோவைக்கோ போய்விட்ட ஊர்க்காரர்கள். இவர்களைவிட முக்கியமானவர்கள் மாமா கடைக்கு வருகிறார்கள். பம்ப் கம்பெனி சேல்ஸ் ரெப், சர்வீஸ் டெக்னீஷியன், டீலர் ஆட்கள். எந்த கம்பெனி புது ஷெட் போடுகிறது, எங்கே இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கப்போகிறார்கள் என்பது அவர்கள் காதுக்கு முதலில் வரும். நீங்கள் அவர்களிடம் பில் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சீனியருக்கு "அண்ணா, வேலை இருக்கா" என்று மெசேஜ் போட்டால் "சொல்றேன்பா" என்று முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, நான் உங்க காலேஜ் 2023 மெக்கானிக்கல் பேட்ச். குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் வரணும்னு பார்க்கிறேன். உங்க யூனிட்ல ஃப்ரெஷர்கிட்ட என்ன எதிர்பார்ப்பாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஃபோன்ல பேசலாமா?" இதற்குப் பதில் சொல்வது அவருக்குச் சுலபம். பேசி முடித்ததும் இன்னும் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆள் தேவைப்படும்போது உங்கள் ஞாபகம் வரும்.

இப்படிப் பேசவாவது ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். க்யூசி, சேல்ஸ், பிபிஓ மூன்றுக்கும் ஒரே ரெஸ்யூம் போனால் மூன்று இடத்திலும் அது வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருக்கும்.

ரெஸ்யூமைப் படித்தேன். மூன்று பக்கம். முதல் அரைப்பக்கம் குறிக்கோள், அப்புறம் அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, கடைசியில் உறுதிமொழி. இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இறுதியாண்டு புராஜெக்ட், சோலார் மிளகாய் உலர்த்தி. நான் நின்று படித்தது அந்த வரியைத்தான். தகட்டை யார் வெட்டினார்கள்? வெல்டிங் எங்கே நடந்தது? உள்ளே எத்தனை டிகிரி வந்தது? எத்தனை கிலோ மிளகாய், களத்தில் காய எத்தனை நாள், உலர்த்தியில் எத்தனை நாள்? நீங்கள் அளந்ததை அளந்தபடியே நான்கு வரியில் எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள். மாமா கடையைப் பற்றி ரெஸ்யூமில் ஒரு சொல்கூட இல்லை. படிப்புக்குப் பிறகு வருடக்கணக்கில் சும்மா இருந்தவராகத் தெரிகிறீர்கள். எத்தனை ஹெச்.பி. மோட்டார் எத்தனை அடி ஆழத்துக்கு, எந்தப் புகாரோடு பம்ப் திரும்பி வருகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பம்ப் கம்பெனி இன்டர்வியூவில் அதற்கு மதிப்பு உண்டு. தயங்காமல் எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம், பிடிஎஃப் கோப்பாக.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் தனியார் நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கும் முகாம்களுக்குப் போய் வாருங்கள். அப்ரென்டிஸ் பயிற்சியையும் தாழ்வாக நினைக்காதீர்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிந்துகொண்டால் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி, மாத உதவித்தொகையோடு கிடைக்கும். தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. படிப்பு முடித்து ஐந்து ஆண்டுக்குள் சேர வேண்டும் என்பதால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. ஃபோன் வந்து நேரில் போனால், பல யூனிட்களில் முதல் வேலையாக ஒரு ட்ராயிங்கையும் ஒரு உதிரிபாகத்தையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். அளவுக் கருவிகளான வெர்னியரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை தடுமாறாமல் வாசிக்க வர வேண்டும். நல்ல மார்க் எடுத்தவர்களே இங்கே திணறுகிறார்கள் என்கிறார் ஓசூர் நண்பர். உங்கள் கல்லூரி லேப் அசிஸ்டென்டிடம் கேட்டு ஒரு மதியம் உட்கார்ந்து பழகுங்கள். திருத்திய ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்கள். ஓசூர் நண்பரிடம் காட்டி, என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.

அன்புடன்