டிராக் ரேஸுக்கான லேசான வீல்களைத் தினமும் ஓட்டும் காரில் போடலாமா?

உங்கள் கார் 1993 ஃபோர்டு மஸ்டாங் 5.0. முன்னால் 15க்கு 3.5 அங்குல (விட்டம் 15, அகலம் 3.5) ஒல்லி வீல், பின்னால் 15க்கு 10. அதே செட்டில் வேலைக்கும் போய்வர வேண்டும், வாரக்கடைசியில் டிராக் ரேஸில், அதாவது நேர்கோட்டில் கால் மைல் (குவார்ட்டர் மைல்) ஓடும் பந்தயத்தில், ஓடவும் வேண்டும், முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். (அந்தப் பந்தயத் தடத்தையும் இங்கே டிராக் என்றே சொல்கிறேன்.) பின் வீல், தயாரிப்பாளரே சாலைக்கு என்று சொல்லி விற்கும் மாடலாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். முன்னால் அந்த ஒல்லி வீலைப் போட்டுத் தினமும் ஓட்டாதீர்கள்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலத்தில் முன்னால் ஒல்லி, பின்னால் அகலம் என்று கார்கள் வரிசையாகப் போகும். அந்தத் தோற்றம் எனக்கும் கொள்ளைப் பிரியம். ஆனால் அன்றைக்கு அவை ஊர்ந்துதான் போகின்றன. மார்ச் மாதம், பனி உருகி ரோடெல்லாம் பள்ளமாகக் கிடக்கும்போது அவற்றில் ஒன்றைக்கூட வெளியே பார்க்க முடியாது.

டிராக் வீல் என்றாலே பலவீனம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பின்னால் போடும் நல்ல டிராக் வீல், கார் கிளம்பும் அந்த நொடியில் வரும் முறுக்கு விசையை அநாயாசமாகத் தாங்கும். முன் வீலுக்கு அங்கே வேலையே குறைவு. கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்துவிடும், பிறகு நேர்கோடு, கடைசியில் ஒரு பிரேக், அவ்வளவுதான். அதனால்தான் அதில் உலோகத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க முடிகிறது.

சாலையில் கதை வேறு. உங்கள் காரில் கொஞ்சம் வேகமாக ஒரு வளைவில் திரும்பினால், வெளிப்பக்க முன் சக்கரத்தின் மேல் 500 கிலோவுக்கு மேல் சுமை வரும். டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 26 அங்குல டயரில் அந்த 250 கிலோ விசை ஹப்புக்கு (சக்கரத்தின் நடுமையத்துக்கு) 33 செ.மீ. கீழே விழுகிறது, நெம்புகோல் போட்டு வளைப்பது மாதிரி. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு ஆரக்காலும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அமுங்கும். இரும்பில் ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் விசையை எத்தனை முறை கொடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்த வீல்களைச் செய்யும் அலுமினியத்துக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது. ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் மைல் என்பது 402 மீட்டர். ஒரு வருஷத்தில் 100 ரன் ஓடினாலும் மொத்தம் 40 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் பலர் ஒரே நாளில் வேலைக்குப் போய்வரும் தூரம் அது. டிராக்கில் ஒரு வருஷம் உழைக்கும் வீல், சாலையில் அதே அளவு சுற்றைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிடும். அதுவும் பள்ளம், மேடு, வளைவு எல்லாம் சேர்த்து.

கார் கம்பெனியும் இதையேதான் செய்தது. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் வாங்கியவர்கள் ஒரு டாலர் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பெட்டி கிடைத்தது. அதற்குள் முன்பக்கத்துக்கான ஒல்லி வீல்கள், அவற்றை மாற்ற ஜாக்கி, நட்டைக் கழற்ற இம்பாக்ட் ரெஞ்ச், சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச் எல்லாம் இருந்தன. ரோட்டில் ஓட்ட 18க்கு 11 அங்குல வீல். டிராக்குக்குப் போனதும் முன்னால் மாற்றிக்கொள்ள அந்த ஒல்லி வீல். டிராக் ரேஸுக்கென்றே ஒரு காரைச் செய்தவர்களே ஒல்லி வீலைப் பெட்டியில் தனியாகத்தான் கொடுத்தார்கள்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எவ்வளவு நேரம் மிச்சமாகும்? வீல், டயர் போன்ற சுற்றும் பாகங்களின் எடையில் ஒரு கிலோ குறைத்தால் நான்கு கிலோ, எட்டு கிலோ குறைத்ததற்குச் சமம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஒரு கிலோ குறைந்தால் அது சுமார் 1.33 கிலோவுக்குச் சமம். டயரின் வெளிப்பரப்பில் என்றால் கிட்டத்தட்ட 2 கிலோ. அதற்கு மேல் போகவே போகாது. வீலுக்கு 4 கிலோ வீதம் நான்கிலும் 16 கிலோ குறைத்தாலும் பலன் 21 கிலோ அளவுக்குத்தான். 45 கிலோ குறைந்தால் 0.1 நொடி என்பது டிராக் ஓட்டுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆக உங்களுக்குக் கிடைப்பது 0.05 நொடி. பின்னால் டிராக் ரேஸுக்கான ஒட்டுப்பிடி அதிகமுள்ள டிராக் ரேடியல் டயர் நல்லதாகப் போட்டால் கிளம்பும்போது கிடைக்கும் பிடிமானம் இதைவிடப் பலமடங்கு தரும்.

பிரேக்கையும் மறக்கக் கூடாது. பிரேக் போடும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வது முன் சக்கரங்கள். அங்கே இவ்வளவு ஒடுக்கமான டயர் இருந்தால், முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். அப்புறம், முன்னால் மஸ்டாங் கோப்ரா மாடலின் 13 அங்குல பிரேக் டிஸ்க் மாற்றியிருந்தால் 15 அங்குல வீல் ஏறவே ஏறாது.

பின் வீலை வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். வீலின் உள்பக்கம் சுமை அளவு அச்சிட்டிருக்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் அந்த ஆக்சிலுக்குப் போட்டிருக்கும் எடையில் பாதியாவது அதில் இருக்க வேண்டும். அச்சே இல்லை, அல்லது ‘ரேஸுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

நடுப்பகுதியும் ரிம்மும் தனித்தனியாகச் செய்து சேர்த்த பழைய இரண்டு துண்டு வீல்களில் எனக்குக் கூடுதல் பயம். நண்பர் ஒருவரின் கார் பள்ளத்தில் இறங்கிய பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று குறைந்துகொண்டிருந்தது. டயரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். வீலைக் கழற்றிப் படுக்க வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் இரண்டு துண்டும் சேரும் இடத்தில், விரல் நீளத்துக்குக் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பார்த்தால் நகம் லேசாகத் தட்டியது. வெறும் கண்ணுக்கு அது ஒரு அழுக்குக் கோடு மாதிரிதான் தெரிந்தது. உங்களிடமும் அப்படிப்பட்ட வீல் இருந்தால் இந்தச் சோப்புத் தண்ணீர் சோதனையை அவ்வப்போது செய்யுங்கள். நட் துளையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள், நட் தளர்ந்து வீல் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டிராக் வீக் போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐந்து நாளில் சுமார் 1,600 கிலோமீட்டர் சாலையில் ஓட்டிக்கொண்டே ஊர் ஊராக டிராக்குக்குப் போய் ஓடுவார்கள், உதவி வண்டி கிடையாது. அதில் பலர் காருக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவது டிராக்கில் மாற்றும் வீல்களுக்காகவும்தான். உங்களுக்கும் அதுவே பொருந்தும். முன்னால் பழைய வீலே இருக்கட்டும், ஒல்லி வீல் இரண்டையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். மாற்ற அரைமணி நேரம் போதும். வீடு திரும்பியதும் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.