தொங்கும் மேல்நகத்தை என்ன செய்வது? திருகோணமலை நாய் வளர்ப்போரின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நாயின் மேல்நகம் பற்றியவை. முன்காலின் உட்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, தரையில் படாமல் நிற்கும் ஒற்றை நகம் அது. நமக்குப் பெருவிரல் இருக்கும் இடம். நான் மிருக வைத்தியர் இல்லை. ஒரு மிருக வைத்தியரிடம் 20 வருடத்துக்கு மேல் உதவியாளராக நின்றவள். நாயைப் பிடிப்பது, கட்டுப் போடுவது, கடி வாங்குவது எல்லாம் என் பங்கு.

உப்புவெளியிலிருந்து: அக்கா, கரையில் காயப் போட்டிருந்த வலையில் எங்கள் பிரவுனியின் கால் மாட்டிவிட்டது. இழுத்த இழுப்பில் மேல்நகம் பாதி உடைந்து தொங்குகிறது. இரத்தம் நிற்கவில்லை. பிடுங்கி விடட்டுமா?

பிடுங்க வேண்டாம். முதலில் வாயைக் கட்டுங்கள். மடியில் படுத்து வளர்ந்த நாயும் வலியில் கடிக்கும். நீளமான துணியை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்கே விட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ ஓங்காளித்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். மூக்குச் சப்பையான நாய்களுக்கு இந்தக் கட்டு சரிவராது.

அப்புறம் சுத்தமான துணியை மடித்து நகத்தின் மேல் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தமும் துணியோடு வந்துவிடும். எல்லாரும் செய்கிற பிழை இது. நுனி மட்டும் உடைந்திருந்தால் குசினியில் இருக்கும் கோன்ஃப்ளவரில் ஒரு சிட்டிகை எடுத்து நகத்தில் அமத்தலாம். தோல் கிழிந்திருந்தால் மா போடாதீர்கள். 20 நிமிடம் ஆகியும் ஒழுகினால் துணியோடு அப்படியே சுற்றிக்கொண்டு வைத்தியரிடம் போய்விடுங்கள்.

ஏன் பிடுங்கக் கூடாது? நகத்தின் நடுவில் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை இருக்கிறது. வீட்டில் இழுத்தால் அதுவும் கிழியும், நகம் பிளந்து வேரில் துண்டு தங்கிவிடும். அதற்காகத் தொங்கவிட்டே வைத்திருக்கவும் கூடாது. முழுதாய்க் கழன்று போன நகத்துக்கு நான் பயப்பட்டதில்லை. பாதி தொங்குவதுதான் தொல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆடும், ஆடும்போதெல்லாம் வலிக்கும், சாக்கிலும் புல்லிலும் மாட்டும், நாய் நக்கிக்கொண்டே இருக்கும். வைத்தியர் விறைப்பூசி போட்டோ, துள்ளுகிற நாயென்றால் மயக்கியோ, உடைந்ததைச் சுத்தமாக வெட்டி எடுப்பார். சின்ன வேலைதான். இன்று பின்னேரம் முடியாவிட்டால் கட்டுப் போட்டு நாளைக் காலையாவது கொண்டுபோங்கள்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து: வலியில் முனகுகிறது. பனடோல் அரைக் குளிசை கொடுக்கலாம்தானே?

கூடாது. அளவு கொஞ்சம் தப்பினாலும் நாயின் ஈரல் கெட்டுவிடும். பூனைக்கு ஒரு குளிசையே உயிர்போகும் விஷயம். ஐபுபுரூபன், டைக்ளோஃபெனக் வயிற்றில் புண் போட்டுச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று மெலொக்சிகாம் போன்ற மருந்துகள் உண்டு. நாயின் எடையைப் பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும்.

சாம்பல்தீவிலிருந்து: கடல் தண்ணீரில் கால் நனைத்தால் புண் ஆறும் என்கிறார் அம்மம்மா. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசச் சொல்கிறார்.

அம்மம்மாவின் உப்பு யோசனை சரி, கடல்தான் சரியில்லை. அந்தத் தண்ணீரோடு மணலும் கரையோரக் கழிவும் வரும். உடைந்த நகத்தின் இடுக்கில் மணல் போனால் எடுப்பது பெரும்பாடு. கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். பாமசியில் வாங்கும் பொவிடோன் அயடின் மருந்தை வெளிறிய பிளேன்டீ நிறத்துக்குத் தண்ணீர் விட்டும் பாவிக்கலாம். ஸ்பிரிட் வேண்டாம், எரிச்சலில் அடுத்த தடவை காலையே தர மாட்டாது. மஞ்சளும் எண்ணெயும் புண்ணை மூடி அழுக்கைப் பிடித்து வைக்கும். சமையலுக்கு வையுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: நகம் எடுத்துக் கட்டுப் போட்டாயிற்று. ஆனால் வயல் சேற்றில் இறங்காமல் இருக்கச் சொன்னால் கேட்கிறதா? கட்டையும் கடித்துப் பிய்க்கிறது.

வெளியே போகும்போது மட்டும் கட்டின் மேல் பொலித்தீன் பையை மாட்டுங்கள், வந்ததும் கழற்றுங்கள். மாட்டியபடியே விட்டால் உள்ளே வியர்த்து அழுகும். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும் தினமும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் இறுக்கிச் சுற்றாமல் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். நகத்துக்கும் காலுக்கும் இடையில் கொஞ்சம் பஞ்சு. நடு விரல்கள் இரண்டின் நுனியும் வெளியே தெரியட்டும். அவை வீங்கி விலகினாலோ குளிர்ந்திருந்தாலோ கட்டு இறுக்கம்.

நக்குவதற்குக் கழுத்தைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் புனல்தான் மருந்து. நாலு நாள் சுவரில் இடித்துக்கொண்டு உங்களை முறைக்கும், பரவாயில்லை. நாற்றம், சீழ், வீக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஈ மொய்த்து புழு வைத்தால் பூச்சி உருண்டை, டேர்பன்டைன் என்று யார் சொன்னாலும் போடாதீர்கள், இரண்டும் நஞ்சு. புழுவை வைத்தியர் எடுப்பார்.

லிங்கநகரிலிருந்து: காலைப் பார்க்கப் போய்க் கடி வாங்கிவிட்டேன். சின்னக் கீறல்தான், நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது.

நாயை விட்டுவிட்டு உங்களைப் பாருங்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். நாய்க்குப் போட்ட ஊசியின் அட்டையையும் கொண்டுபோங்கள்.

நிலாவெளியிலிருந்து: இவ்வளவு தொல்லை தரும் நகத்தை முன்கூட்டியே அறுத்து எடுத்துவிட்டால் என்ன?

முன்கால் நகத்தை அப்படி எடுக்க நான் சொல்ல மாட்டேன். அது சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதல்ல, தசைநாரோடு இணைந்தது. நாய் எலும்பைப் பிடித்துக் கடிக்கும்போது பாருங்கள், அந்த விரல் வேலை செய்வது தெரியும். பின்காலில் சில நாய்களுக்கு எலும்புப் பிடிப்பில்லாமல் ஆடும் நகம் இருக்கும். அது அடிக்கடி மாட்டினால் வைத்தியரோடு பேசலாம்.

உங்களுக்கு வேண்டியது நகவெட்டிதான். மற்ற நகங்கள் தார் ரோட்டில் தேயும், இது எங்கும் தேயாது. விட்டால் வளையமாக வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். மாதம் ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுங்கள். கறுப்பு நகத்தில் உயிர்ச்சதை தெரியாது என்பதால் துளித்துளியாக வெட்டுங்கள், அல்லது அரத்தால் தேயுங்கள்.

மறுபடி உப்புவெளியிலிருந்து: வைத்தியர் எடுத்துவிட்டார் அக்கா. நகம் திரும்ப வருமா?

வேர் பழுதாகாவிட்டால் வரும். சில வாரத்தில் மூடிக்கொள்ளும், முழு நீளத்துக்கு மாதக் கணக்காகும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம். அதுவரை பிரவுனியைக் கயிற்றில் பிடித்தே கூட்டிப் போங்கள், வலை காயும் பக்கம் வேண்டாம்.