வாசகர் கேள்வி – பதில்: சொந்த வீட்டில், சொந்த விருப்பப்படி

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. அப்பா காலமான பின்னர் கோண்டாவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். கடந்த மாரியில் இரவு மலசலகூடத்துக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வாக்கர் பிடித்து நடக்கிறார். கனடாவிலுள்ள அண்ணா, “காசு அனுப்புகிறேன், நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடு” என்கிறார். அம்மாவோ, “என்னை இந்த வளவிலிருந்து எடுக்காதேங்கோ” என்று அழுகிறார். நான் என்ன செய்வது?
— வாசகி, சுன்னாகம்

பதில்: சகோதரி, முதியோர் இல்லங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவருமற்ற எத்தனையோ பேருக்குக் கைதடி முதியோர் இல்லம் நிழல் கொடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு முறிந்தது இடுப்பெலும்பு மட்டுமே. தான் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறிவு அவரிடம் அப்படியே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தாம் எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. வாக்கர் பிடித்து நடக்கும் உங்கள் அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு அம்மாவின் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை அவருடன் மெதுவாக நடந்து பாருங்கள். வலிகாமத்தில் வீடு வீடாகச் சென்ற ஆண்டுகளில் நான் ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன்: அறை வாசலில் உயர்ந்த நிலைப்படி, விறாந்தையிலிருந்து இறங்க இரண்டு படி, பிறகு முற்றத்து மணல், அதற்கப்பால் பாசி பிடித்த சீமெந்து, வளவின் மூலையில் வெளிச்சமே இல்லாத மலசலகூடம். நல்ல கால் உள்ளவரையே மாரியில் விழுத்தும் பாதை அது. அம்மா விழுந்ததற்கு வயதைக் காட்டிலும் அந்தப் பாதைதான் காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே அண்ணா அனுப்பும் காசின் முதற்செலவு அந்தப் பாதைக்குரியதாகட்டும். படி இருக்கும் இடத்தில் சாய்தளம் போடும்போது, ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற கணக்கை மேசனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளம் வேண்டும். இடம் போதாதென்று அதைச் சுருக்கினால், அந்தச் சாய்தளமே அடுத்த விழுகைக்குக் காரணமாகிவிடும். மலசலகூடச் சுவரில் கைபிடிக்கும் குழாய், பாதை முழுவதும் மின்குமிழ், இரவுக்குக் கட்டிலடியில் ஒரு கொமட் கதிரை, குளிக்கும்போது இருப்பதற்கு வழுக்காத கதிரை, கிணற்றில் அள்ளத் தேவையில்லாதபடி இடுப்புயரத்தில் ஒரு குழாய் என்பனவும் வேண்டும். வாசலில் கிடக்கும் கால்மிதியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஆள் துணை. பிறருடைய கையை எதிர்பாராமல் எல்லாவற்றையும் தானே செய்வதுதான் சுயமான வாழ்வு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படிப் பார்த்தால் நம்மில் எவருமே சுயமாக வாழவில்லை. எப்போது எழும்புவது, என்ன சமைப்பது, யாரை வீட்டுக்குள் விடுவது என்பதை அவரே தீர்மானிக்க, உடம்பால் இயலாததைப் பிறர் செய்து கொடுப்பதே போதும். உடுவிலில் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். நடக்க இயலாத ஓர் அம்மம்மா விறாந்தையில் இருந்து சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். துணைக்கு வரும் பெண் குசினியிலிருந்து, “அம்மா, இண்டைக்குப் பருப்பு விடுறதோ, தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கிறதோ?” என்று கேட்டார். அம்மம்மா சற்று யோசித்து, “வறை” என்றார். அந்த வீட்டின் தலைவி யார் என்பதில் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

துணைக்கு வருபவரை அம்மாவே தெரிவு செய்யட்டும். நேரம், சம்பளம், விடுமுறை ஆகியவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சம்பளக் காசு அம்மாவின் கையால் போகட்டும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் மூத்தோர் உரிமைகள் தொடர்பான உத்தியோகத்தரையும் சந்தித்து, முதியோர் அடையாள அட்டை, அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழுள்ள முதியோர் கொடுப்பனவு, வாக்கர், சக்கர நாற்காலி போன்ற உதவி உபகரணங்கள் பற்றிக் கேளுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலை முன்பே பெற்றுச் சென்றால் இரண்டாம் முறை அலையத் தேவையில்லை. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் இயன்மருத்துவரிடம் வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளையும் கேட்டறியுங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் காலையில் பத்திரிகை பார்க்க வரும் இளைஞர்களில் ஒருவர் போகும் வழியில் படலையைத் தட்டி, “அம்மா சுகமோ?” என்று கேட்டுப் போக ஒழுங்குசெய்ய முடியுமானால், எந்த அரச திட்டமும் தர இயலாத காவல் அது.

அண்ணாவிடம் கோபப்பட வேண்டாம். தூரத்தில் இருப்பவருக்குப் பயம் அதிகம். சாய்தளம் போட்டதும் அம்மா அதில் நடப்பதைத் தொலைபேசியில் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. 2009இல் எறிகணை வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். சில மாதங்களாகச் செயற்கைக் கால் தளர்ந்து, உராய்ந்து புண்ணாகிறது. அண்மையில் வேலை விண்ணப்பத்துடன் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது மேல்மாடிக்கு ஏற இயலவில்லை. “வேறு யாரையாவது அனுப்புங்கள்” என்றார்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?
— வாசகர், சங்கானை

பதில்: உண்டு, தம்பி. ஆனால் முதலில் புண்ணைக் கவனியுங்கள். எஞ்சிய காலின் தசை காலப்போக்கில் மெலிவது இயல்பு. ஆகவே முன்பு அளவெடுத்துச் செய்த, செயற்கைக் காலுக்குள் எஞ்சிய கால் அமரும் கிண்ணப் பகுதி இன்று பொருந்தாது. துணியைத் திணித்துச் சமாளிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் 1987ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக் கால் செய்து பொருத்தும் பணியைச் செய்துவருகிறது. அங்கே சென்று மீண்டும் அளவெடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். அதுவரை, புண் ஆறும் மட்டும் ஊன்றுகோலுடன் நடவுங்கள். எங்கள் வெயிலில் வியர்வையே பாதிப் பகை என்பதால் காலுறையை நாள்தோறும் தோய்த்து உலர்த்த வேண்டும். இரவில் ஒரு சிறு கண்ணாடி பிடித்துத் தோலைப் பாருங்கள். நீரிழிவு உண்டா என்று பரிசோதிப்பதும் அவசியம்.

இனி உங்கள் உரிமை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுக்குறைவைக் காரணமாகக் காட்டி வேலைக்கு ஆட்சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதையும் பொதுமக்கள் செல்லும் கட்டடத்துக்குள் செல்வதைத் தடுப்பதையும் விலக்குகிறது. அது மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கோரலாம். கட்டடங்களை அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நீங்கள் காலை இழந்த அதே ஆண்டு அது. இத்தனை வருடம் கழித்தும் ஒருவரைப் படியடியில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டிலேயே வெளியானது. நீங்கள் விண்ணப்பித்தது அரச பதவியானால் அதையும் குறிப்பிடுங்கள்.

நடந்ததைத் திகதியுடன் எழுதி, அந்த அலுவலகத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்திருங்கள். விண்ணப்பங்களைப் பெறும் மேசையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருமாறு கேளுங்கள். அதற்குக் கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை. பதில் வராவிட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அவருடைய ஓய்வூதியத்தையும் வங்கிப் புத்தகத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போது அவர் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. நான் செய்தது தவறா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: உங்கள் எண்ணத்தில் தவறில்லை, செய்த முறையில் உண்டு. முதலில் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கண்புரையாக இருந்தால் சத்திரசிகிச்சையால் பார்வை திரும்பக்கூடும். அதுவரை வங்கிப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 2011இல் புழக்கத்துக்கு வந்த வரிசையின் காசுத்தாள்களில் பெறுமதி கூடக்கூட நீளமும் கூடும். விரலால் அளந்து பழக்கினால் எது நூறு, எது ஆயிரம் என்று அவரே சொல்வார். அடுத்த ஓய்வூதிய நாளில் அவரையும் ஓட்டோவில் வங்கிக்குக் கூட்டிச் சென்று, காசை எண்ணி முதலில் அவருடைய கையில் கொடுங்கள்.