மாலிப்டினம் வறுக்கும் பல தள உலை: கேள்வி பதில்

கேள்வி: சார், இந்த உலை உள்ளே எப்படி இருக்கும்?

பதில்: தாதுவைக் காற்றில் சூடாக்கி அதிலுள்ள கந்தகத்தை எரித்துப் போக்குவதுதான் வறுப்பு, அதற்கான உலை இது. வெளியே எஃகு உருளை, உள்ளே தீச்செங்கல். அதற்குள் வட்டத் தளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். நடுவில் ஒரு தண்டு மெதுவாகச் சுற்றும், பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுதான். ஒவ்வொரு தளத்திலும் தண்டிலிருந்து கைகள் நீளும். அவற்றில் சாய்வான பற்கள். அந்தச் சாய்வுதான் தாதுவைக் கிளறி நகர்த்துகிறது. ஒரு தளத்தில் நடுவுக்குத் தள்ளிக் கீழே விழவிடும். அடுத்ததில் எதிர்ச்சாய்வு, ஓரத் துளைகள் வழியாக விழும். வாயு கீழிருந்து மேலே ஏறும்.

கேள்வி: தளத்துக்குத் தூணே இல்லையே, எப்படி நிற்கிறது?

பதில்: ஒவ்வொரு தளமும் தாழ்ந்த குவிமாடம். செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும், அந்தத் தள்ளுவிசையை எஃகு ஓடு வாங்கிக்கொள்ளும். புதிதாகக் கட்டியதை அவசரப்பட்டுச் சூடேற்றினால் செங்கல் வெடிக்கும்.

கேள்வி: தண்டு உருகி வளைந்துவிடாதா?

பதில்: தண்டும் கைகளும் குழாய் போல உள்ளே வெற்றாக இருக்கும். பிளோயர் காற்று கீழிருந்து ஏறி, கைகளின் நுனிவரை போய்த் திரும்பும். கரண்ட் போனால் முதல் கவலை இந்தக் காற்றைப் பற்றித்தான்.

கேள்வி: எரிபொருள் நிறையச் செலவாகுமா அண்ணா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேல் தளங்களில் தாதுவோடு வந்த ஈரத்தையும் எண்ணெயையும் போக்க பர்னர் வேண்டும். அப்புறம் தாதுவில் உள்ள மாலிப்டினம் சல்பைடு தானாகவே எரியும். அங்கே வேலையே வெப்பத்தைக் குறைப்பதுதான். சுமார் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது. எரிந்து கிடைக்கும் மாலிப்டினம் டிரை ஆக்சைடு 795 டிகிரியில் உருகும், ஆனால் அதற்கு முன்பே துகள்கள் ஒட்டத் தொடங்கிவிடும். கட்டி கட்டியாகிப் பற்களில் அப்பிக்கொள்ளும், உள்ளே சிக்கிய கந்தகம் வெளியே வராது. அதனால் கதவுகளைத் திறந்து குளிர்காற்றை விடுவார்கள். கீழ்த் தளங்களில் கந்தகம் குறைந்து சூடு போதாமல் போகும், மறுபடி பர்னர். கடைசியில் கந்தகம் 0.1 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

கேள்வி: புகை?

பதில்: கந்தக டை ஆக்சைடைக் கந்தக அமிலமாக்கலாம். சுவையான விஷயம் ரீனியம் என்ற அரிய உலோகம். தாதுவில் இம்மியளவே இருக்கும் அது, ஆக்சைடாகி வாயுவோடு பறந்துவிடும். வாயுவைத் தண்ணீரில் கழுவிப் பிடிப்பார்கள். ஜெட் எஞ்சின் டர்பைன் பிளேடுகளுக்குப் போகிறது. சிலியின் மோலிமெட் நிறுவனம் இதில் பெரிய பெயர்.

கேள்வி: அடியிலிருந்து காற்றை ஊதித் துகள்களை மிதக்கவைக்கும் பாய்மப் படுகை உலை வந்த பிறகும் இது எதற்கு?

பதில்: பைரைட் என்ற இரும்பு சல்பைடின் வறுப்பு பெருமளவு அங்கே போய்விட்டது, சரிதான். மாலிப்டினத்துக்குத் தளத்துக்குத் தளம் வெவ்வேறு சூடு வேண்டும். அதற்கு இதுதான் தோது.