தலையில்லாத திமிங்கிலம்

வாசகர் கேள்விகளுக்கு ராயபுரத்துக்காரர் பதில்கள்

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு மாலை மொட்டைமாடியில் கூடிப் படிக்கிறோம். இந்த முறை ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவல் 'மோபி டிக்'. 32ஆம் அத்தியாயத்தில் அந்த ஆள், திமிங்கிலங்களைப் புத்தக சைஸ் மாதிரி பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரிக்க ஆரம்பித்தார். ஆறு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இந்த மாதிரி அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: 32ஐத் தாண்டலாம். நானே இரண்டு முறை தாண்டியிருக்கிறேன். மூன்றாம் முறை படித்தபோது சிரிப்பு வந்தது. விஞ்ஞானி சொன்னதை ஒதுக்கிவிட்டு, திமிங்கிலம் மீன்தான் என்று அடம்பிடிக்கிறான் கதைசொல்லி. சாட்சிக்கு பைபிளிலிருந்து யோனாவைக் கூப்பிடுகிறான்!

ஆனால் 60ஐ மட்டும் தாண்டாதீர்கள். அது முழுக்க, திமிங்கிலத்தின் மேல் எறியும் ஈட்டியில் கட்டுகிற கயிறு பற்றியது.

என் பிரதி மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1978, அதாவது மார்க்கெட் எரிவதற்கு ஏழு வருஷம் முன்னால். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் இருபது பக்கம் இல்லை. உலகமே மனப்பாடமாகச் சொல்லும் அந்த முதல் வரியை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். இதில் ஒரு ஆறுதல். 1851இல் லண்டனில் வந்த முதல் பதிப்பில் கடைசிப் பின்னுரை விட்டுப்போயிருந்தது. எல்லோரும் முழுகிவிட்டால் கதையைச் சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு வால் இல்லை, எனக்குத் தலை இல்லை.

துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை. நைட் ஷிஃப்டில் சரக்கு வராத நேரம் பார்த்து, லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அந்தக் கயிறு முக்கால் அங்குலத்துக்கும் குறைவான பருமன். நீளம் இருநூறு பாகத்துக்கு மேல். அதைத் தொட்டியில் சுருட்டி வைக்கவே சிலர் ஒரு காலைப் பொழுதைச் செலவழிப்பார்களாம். ஒரு சின்ன முறுக்கு இருந்தாலும், திமிங்கிலம் இழுத்துக்கொண்டு ஓடும்போது ஒருவன் கையோ காலோ, ஆளே கூடவோ போய்விடும். எனக்கு இது அலுப்பாகத்தான் இருந்தது. மறுநாள் டீக்கடையில் எங்கள் தெரு விசைப்படகு டிரைவர் அண்ணனிடம், இப்படியும் எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள் என்று கேலியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இடது கையைக் காட்டினார். இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த கை, ஏன் என்று கேட்டதே இல்லை. "இன்னா தம்பி, இத எழுதுனவரு கடலுக்குப் போனவரா?" என்றார். ஆமாம், 1841இல், 21 வயதில், திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறியவர். (பிற்பாடு நியூயார்க்கில் 19 வருஷம் சுங்க இன்ஸ்பெக்டர். அதனால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.) அன்றைக்கு இரவு அதே அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அந்தக் கயிறு யார் கழுத்தைத் தேடிப் போகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோன ஆறு பேரும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பட்டறைக்காரர் யாராவது இருந்தால் 113ஐ அவர் கையில் கொடுங்கள். பந்தயக் குதிரை லாடத்தின் ஆணிகளைக் காய்ச்சி ஈட்டி அடிக்கிறார்கள். அவர் விளக்க, மற்றவர்கள் கேட்கட்டும்.

கேள்வி: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எல்லோரும் தலையில் தூக்கி வைக்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. ரசனை போதவில்லையோ?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: புரியவில்லையா, பிடிக்கவில்லையா? பிடிக்காததைப் புரியவில்லை என்று பணிவாகச் சொல்வது நம் ஆட்கள் வழக்கம். பிடிக்கவில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். புரியவில்லை என்றால் காரணம் இருக்கிறது. சிங்காரம் இளவயதில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர். 1972இல் வந்த இந்த நாவலில், அந்தத் தெருக்கள் நமக்கும் தெரியும் என்கிற மாதிரி விறுவிறுவென்று நடக்கிறார், நின்று கைகாட்டுவதில்லை. சண்டை வரும் இடங்களில் எனக்கும் கொஞ்சம் அலுத்தது. குடித்துவிட்டுப் பேசும் பேச்சுக்காகத் திரும்பப் போனேன். அந்தப் பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் பாதி நக்கல் போய்விடும்.

கேள்வி: என் மாமனார் மாத நாவல் மட்டும்தான் படிப்பார். நல்ல நாவல் எதைக் கொடுத்தாலும் தொடுவதில்லை. எப்படி மாற்றுவது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அவர் எடுத்ததை முடிக்கிறார் அல்லவா? நான் டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலில், ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் இளவரசர் ஆந்த்ரேயை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பாவம், இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மாமனாரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொன்னதுண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு. மேலே சொன்ன அதே புத்தகம். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா வாத்தியார். "டால்ஸ்டாய் படிச்சிருக்கீங்களா?" என்றார். "முழுசா" என்றேன். கல்யாணத்தன்று டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்து, "இன்னொரு தடவ படிங்க மாப்ளே" என்றார். தெரிந்துதான் கொடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி: லாஞ்சில் போகிறேன். இங்கிலீஷ் சுமார்தான். போன இதழில் நீங்கள் சொன்ன திமிங்கிலப் புத்தகம் வாங்கிவிட்டேன். தலகாணி மாதிரி இருக்கிறது. முடியுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: இந்த மூலைக்கு வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. பாதி அத்தியாயங்கள் இரண்டு, மூன்று பக்கம்தான். மொத்தம் 135. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலை பின்னுகிற நேரம் போக, ஒரு நாளைக்கு இரண்டு படித்தால் 122 வந்துவிடும். கயிறு, படகு, காற்று என்று வருகிற இடத்தில் அகராதி வேண்டாம், உங்களுக்கே தெரியும். மிச்சம் பதிமூன்று. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் படகில் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளைத் திமிங்கிலம் கண்ணில் படுவதே அந்தப் பதிமூன்றில்தான்.