ஓசூரில் தோழியுடன் வாழும் தங்கை: உங்கள் கேள்விக்கு

அண்ணா, ஓசூரில் தான் காதலிக்கும் தோழியுடன் சேர்ந்து வாழும் 24 வயதுத் தங்கையை, பர்கூரில் இருக்கும் உங்கள் அப்பா போலீஸை வைத்துக் கூட்டிவரப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதத்தை நம்பும் நான் அவள் பக்கம் நின்றால் விசுவாசத்துக்குத் துரோகம் ஆகாதா என்றும் கேட்கிறீர்கள்.

ஆகாது. எது பாவம் என்று போதிக்க உங்கள் சபைக்கு உரிமை உண்டு, அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு அதைக் காக்கிறது. ஆனால் அந்தப் போதனையைப் போலீஸ் மூலம் நடத்திக்கொள்ள அது இடம் தரவில்லை. ஸ்டேஷன் எல்லா மதத்தாருக்கும், மதமே இல்லாதவருக்கும் பொது. யோசித்துப் பாருங்கள், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. பெரும்பான்மையின் நம்பிக்கைதான் சட்டம் என்று ஆகிவிட்டால் உங்கள் சபையின் கதி என்ன?

2018-இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து வாழும் ஒருபாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2023-இல் திருமண உரிமையைத் தர மறுத்தது. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். ஆனாலும் சேர்ந்து வாழ்வது குற்றமாகவில்லை. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவர் விருப்பப்படி தோழியுடன் போக அனுமதித்தது. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-இல் சேர்த்துவிட்டார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: தங்கை தன் விருப்பத்தில்தான் அங்கே இருப்பதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளட்டும். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும், எண் 15100. ஸ்டேஷனில் கூப்பிட்டால் வக்கீலோடு நீங்களும் கூடப் போங்கள்.